அத்தாவுக்குத் தெரியாமல் கையெழுத்துப் போடலாமா? முதியோரின் இரத்தப் புற்றுநோயும் புதிய மருந்து ஆய்வுகளும்



சில மாதங்களுக்கு முன் ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்து ஒரு சகோதரர் பள்ளியிலேயே காத்திருந்தார். சிவகாசியில் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். அவருடைய அத்தாவுக்கு எழுபத்தொரு வயது. பட்டாசு ஆலையில் முப்பது வருடத்துக்கு மேல் போர்மேனாக இருந்தவர். இரண்டு மாதமாகத் தீராத அசதி, விட்டு விட்டுக் காய்ச்சல், பல் துலக்கினால் ஈறில் இரத்தம். வெளியூர்ப் பெரிய மருத்துவமனையில் காட்டியதில் இரத்தப் புற்றுநோய் என்று தெரிந்துவிட்டது.

மருத்துவர் இரண்டு வழிகளைச் சொல்லியிருக்கிறார். ஒன்று, இப்போது முதியவர்களுக்கு வழக்கமாகக் கொடுக்கும் சிகிச்சை. மற்றொன்று, அதோடு இன்னொரு புதிய மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்க்கும் ஆரம்பக்கட்ட ஆய்வு. யோசித்துச் சொல்லுங்கள் என்று சில தாள்களைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. "நம்ம அத்தாவை வச்சு சோதனை பண்ணவா?" என்கிறார் மூத்தவர். "புது மருந்துன்னா கண்டிப்பா கேட்கும்ண்ணே" என்கிறார் தங்கை. இவர் என்னிடம் கேட்டது இதுதான்: "ஹஜ்ரத், இது மார்க்கத்துல கூடுமா? நான் கையெழுத்துப் போடலாமா?"

"அத்தா என்ன சொல்றாங்க?" என்று கேட்டேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "அத்தாவுக்கு இரத்தம் கம்மியா இருக்குன்னு மட்டும்தான் சொல்லியிருக்கோம்."

இந்த நிலை இன்று நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. எனவே நோய் என்ன, ஆய்வு என்றால் என்ன, மார்க்கம் என்ன சொல்கிறது, சட்டம் என்ன பாதுகாப்பு தருகிறது என்பதை எளிமையாக எழுதலாம் என்று நினைத்தேன். நான் மருத்துவன் அல்லன். சிகிச்சை முடிவை மருத்துவரிடம்தான் பேச வேண்டும். அந்தப் பேச்சுக்கு நீங்கள் தயாராகப் போக இக்கட்டுரை உதவினால் போதும்.

நோய் என்ன?

நம் இரத்த அணுக்கள் எலும்புக்குள் இருக்கும் மஜ்ஜையில் உற்பத்தியாகின்றன. அங்கே முதிர்ச்சி பெறாத கெட்ட அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகினால் நல்ல அணுக்களுக்கு இடமில்லாமல் போகிறது. சிவப்பணு குறைந்தால் அசதியும் மூச்சு வாங்குதலும் வரும். தட்டணு குறைந்தால் இரத்தக் கசிவு. நல்ல வெள்ளையணு குறைந்தால் சாதாரணக் கிருமியும் உயிருக்கு ஆபத்து. இந்த நோயில் பல வகைகள் உண்டு. பெரியவர்களிடம் வேகமாக முற்றும் வகையை ஏ.எம்.எல். என்று மருத்துவர்கள் சுருக்கமாகச் சொல்கிறார்கள். அமெரிக்கக் கணக்குப்படி, இந்நோய் கண்டுபிடிக்கப்படுபவர்களில் சுமார் பாதிப்பேர் 68 வயதைத் தாண்டியவர்கள்.

"பட்டாசு மருந்துதான் காரணமா?" என்று நம் பகுதியில் உடனே கேட்பார்கள். பென்சீன் என்ற இரசாயனம், புகைபிடித்தல், முன்பு எடுத்த சில கீமோ மருந்துகள், அதிகக் கதிர்வீச்சு ஆகியவை இந்நோய்க்கான அபாயத்தைக் கூட்டும் என்பது உறுதியானது. ஆனால் ஒரு தனி மனிதரைப் பார்த்து, இன்ன வேலையால்தான் இவருக்கு நோய் வந்தது என்று நாமாகத் தீர்ப்பு எழுதக் கூடாது. அவர் செய்த வேலையையும் கையாண்ட பொருட்களையும் மறைக்காமல் மருத்துவரிடம் சொல்வதே நம் கடமை.

1970-களிலிருந்து இந்நோய்க்கு முக்கியச் சிகிச்சையாக இருப்பது, சைட்டரபைன் ஏழு நாள், டானோரூபிசின் மூன்று நாள் என்று ஏற்றப்படும் வீரியமான கீமோ. இளம் வயதினர் தாங்கிக்கொள்வார்கள். சர்க்கரை, இதய நோய், சிறுநீரகக் கோளாறு என்று ஏதாவது ஒன்று இருக்கும் எழுபது வயதுக்காரரின் உடல் பெரும்பாலும் தாங்காது. நோய் கொல்வதற்கு முன் சிகிச்சை கொன்றுவிடுமோ என்ற அச்சம். அதனால் பல ஆண்டுகளாக முதியவர்களுக்கு மென்மையான சிகிச்சையோ, வேதனையைக் குறைக்கும் பராமரிப்போ மட்டுமே கொடுத்து வந்தார்கள்.

கலவை மருந்து எப்படி வந்தது?

அசாசிடிடின், டெசிடபைன் என்ற இரண்டு மென்மையான மருந்துகள் முன்பே இருந்தன. தனியாகக் கொடுத்தால் சிலருக்கு மட்டுமே கேட்டன. கெட்ட அணுக்கள் சாகாமல் தப்பிக்க பி.சி.எல்.-2 என்ற ஒரு புரதத்தைக் கேடயமாக வைத்திருக்கின்றன. அந்தக் கேடயத்தைத் தட்டிவிடும் மாத்திரைதான் வெனிடோக்லாக்ஸ். அதையும் தனியாகக் கொடுத்தபோது இந்நோயில் பலன் குறைவு. இரண்டையும் சேர்த்தால் என்ன என்ற கேள்வியோடு 2014-ல் ஆரம்பக்கட்ட ஆய்வு ஒன்று தொடங்கியது. அதை முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் மருத்துவர் கோர்ட்னி டினார்டோ. சேர்ந்தவர்கள் 145 பேர், எல்லோரும் 65 வயதும் அதற்கு மேலும், வீரியமான கீமோ தாங்க முடியாதவர்கள்.

இந்த ஆய்வு எப்படி நடந்தது என்பதை நம் ஊர்க்காரர்களுக்குப் புரிய வைப்பது சுலபம். நம்மிடம் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வெடியுப்பு தனியாக, கந்தகம் தனியாக, அலுமினியத் தூள் தனியாக இருக்கும்போது ஒரு குணம், கலந்தால் வேறு குணம் என்பது ஆலைத் தொழிலாளி எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் மருந்து கலப்பதற்குத் தனி அறை, கொஞ்சம் கொஞ்சமான அளவு, ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது என்ற கணக்கு எல்லாம் வைத்திருக்கிறோம். ஆரம்பக்கட்ட மருந்து ஆய்வும் அதே எச்சரிக்கையோடுதான் நடக்க வேண்டும். முதலில் சிலருக்கு மட்டும் குறைந்த அளவு. அவர்களுக்கு ஆபத்தில்லை என்று பார்த்த பிறகே அடுத்த சிலருக்குக் கொஞ்சம் கூடுதல் அளவு. மேற்சொன்ன ஆய்வில் நாளொன்றுக்கு 400, 800, 1200 மில்லிகிராம் என்று மூன்று அளவுகளைப் பார்த்தார்கள். அளவு ஏற ஏற வயிற்றுக் கோளாறுகள் கூடின. பலனும் பாதுகாப்பும் பொருந்தி வந்தது 400-ல்தான்.

ஆகவே முதற்கட்ட ஆய்வின் தலையாய கேள்வி 'எவ்வளவு கொடுத்தால் உடல் தாங்கும்' என்பதே. குணமாகுமா என்பதை முக்கியமாகப் பார்ப்பது இரண்டாம் கட்டம். பழைய சிகிச்சையைவிட இது மேலானதா என்று நூற்றுக்கணக்கானோரைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி ஒப்பிடுவது மூன்றாம் கட்டம். முதற்கட்டத்தில் சேருபவர் குணமாகலாம், ஆனால் அதை யாரும் வாக்குறுதியாகத் தரவில்லை. தங்கை சொன்ன 'கண்டிப்பா கேட்கும்' என்பது தவறு.

எண்கள் சொல்லும் பாடம்

அந்த 145 பேரில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினருக்கு நோய் அடங்கியது. ஒட்டுமொத்தமாகப் பாதிப்பேர் 17.5 மாதங்களுக்கு மேல் உயிரோடிருந்தார்கள். இதைப் பார்த்து 2018 நவம்பரில் அமெரிக்க அரசு தற்காலிக அனுமதி கொடுத்தது. பிறகு 431 பேரை வைத்து மூன்றாம் கட்ட ஆய்வு நடந்தது. அதன் முடிவு 2020 ஆகஸ்டில் வெளியானது. அசாசிடிடின் மட்டும் பெற்றவர்களில் பாதிப்பேர் 9.6 மாதங்களைத் தாண்டினார்கள், இரண்டும் சேர்த்துப் பெற்றவர்களில் பாதிப்பேர் 14.7 மாதங்களைத் தாண்டினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் முழு அனுமதி கிடைத்தது. இன்று வீரியமான கீமோ தாங்க முடியாத முதியவர்களுக்கு இந்தியாவிலும் மருத்துவர்கள் கொடுக்கும் கலவை இதுதான்.

இதில் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதற்கட்டத்தில் 17.5 மாதமாக இருந்தது, பெரிய ஆய்வில் 14.7 ஆனது. ஆரம்ப எண்கள் பெரும்பாலும் கொஞ்சம் அழகாகவே தெரியும். இரண்டாவது, கலவை பெற்றவர்களில் 42 சதவீதம் பேருக்கு வெள்ளையணு குறைந்து கடுமையான காய்ச்சல் வந்தது. ஒரே மருந்து பெற்றவர்களில் அது 19 சதவீதம். பலன் கூடியது, அதற்கான விலையும் கூடியது.

எல்லாக் கலவையும் இப்படி வெற்றி பெறுவதில்லை. மாக்ரோலிமாப் என்ற மருந்து ஆரம்ப ஆய்வுகளில் பெரிய நம்பிக்கை தந்தது. மேலே சொன்ன இரண்டு மருந்துகளோடு மூன்றாவதாக அதையும் சேர்த்துப் பெரிய ஆய்வு நடத்தினார்கள். பலன் கூடவில்லை, மரண அபாயம்தான் கூடியது. 2024 பிப்ரவரியில் அந்த ஆய்வை நிறுத்திவிட்டார்கள். மூத்தவரின் அச்சத்திலும் நியாயம் இல்லாமலில்லை.

அதே சமயம், யாருமே ஆய்வுக்கு முன்வராவிட்டால் எந்தப் புதிய மருந்தும் யாருக்கும் கிடைக்காது. நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் 1998 முதல் 2004 வரை, இரத்தப் புற்றுநோயில் ஏ.பி.எம்.எல். என்ற தனி வகை வந்த 72 பேருக்கு ஆர்சனிக் டிரையாக்சைடு என்ற மருந்தை மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். ஆர்சனிக் என்பது நாம் பாஷாணம் என்று சொல்லும் நஞ்சு. அளவறிந்து கொடுத்தபோது 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியது. அது முதியவர்களுக்கு மட்டுமான ஆய்வு அல்ல. ஆனால் கீமோவுக்கு வசதியில்லாத ஏழைகளுக்கும் வழி உண்டு என்று காட்டியது. பின்னர் 2013-ல் இத்தாலி, ஜெர்மனி மருத்துவர்கள் ஆர்சனிக்கையும் வைட்டமின் ஏ வகை மருந்தொன்றையும் சேர்த்து, அந்த வகை நோயில் அபாயம் குறைந்தவர்களைக் கீமோ இல்லாமலேயே குணப்படுத்தலாம் என்று நிறுவினார்கள். வேலூரில் சேர்ந்த அந்த 72 பேர் தமக்கு மட்டும் மருந்து தேடவில்லை, பின்னால் வருபவர்களுக்கும் வழி திறந்துவிட்டார்கள்.

மார்க்கம் என்ன சொல்கிறது?

முதலில் ஒரு தவறான எண்ணத்தை நீக்க வேண்டும். 'வயசாகிடுச்சு, இனி எதுக்கு வைத்தியம்' என்று சிலர் சொல்கிறார்கள். மருத்துவம் செய்யலாமா என்று கிராமத்து அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளும்படியே நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள், முதுமை ஒன்றைத் தவிர மற்ற நோய்களுக்கெல்லாம் அல்லாஹ் நிவாரணம் வைத்திருப்பதாகவும் தெரிவித்தார்கள் என்று உஸாமா பின் ஷரீக் (ரலி) அறிவிக்கும் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. முதுமைக்குத்தான் மருந்தில்லை. முதியவருக்கு வந்த புற்றுநோய் முதுமை அல்ல, அது நோய். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அடுத்து, ஆய்வில் சேருவது கூடுமா? ஜித்தாவில் இயங்கும் சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 1992-ல் எடுத்த மருத்துவம் பற்றிய தீர்மானத்தில் இதற்கான நிபந்தனைகள் உள்ளன. ஆய்வுக்கு உட்படுபவர் முழுத் தகுதியுள்ளவராக இருந்து தாமே சம்மதிக்க வேண்டும். நிர்ப்பந்தம் இருக்கக் கூடாது. ஏழ்மையைப் பயன்படுத்திப் பண ஆசை காட்டக் கூடாது. தீங்கு விளைவிப்பதாக இருக்கக் கூடாது. இந்த நிபந்தனைகளின்படி நடக்கும் ஆய்வில் சேருவதற்குத் தடையில்லை.

சேராமல் இருப்பதும் பாவம் அல்ல. வலிப்பு நோயால் அவதிப்பட்ட ஒரு பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் துஆ கேட்டு வந்தபோது, பொறுத்துக்கொண்டு சுவனம் பெறுவது அல்லது குணமாக துஆ செய்வது என்ற இரண்டு வழிகளை முன்வைத்து, தேர்வை அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தெடுத்தார். உறுதியாகப் பலன் தரும் சிகிச்சை இருந்து, அதை விட்டால் உயிர் போகும் என்ற நிலை வேறு. அங்கே சிகிச்சை செய்வது கடமையாகிவிடும். பலன் தெரியாத முதற்கட்ட ஆய்வு அந்த வகையில் சேராது.

கையெழுத்து யாருடையது?

இப்போது அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். நபி (ஸல்) அவர்களின் இறுதி நோயின்போது நடந்த ஒரு சம்பவத்தை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரியில் இருக்கிறது. மயக்கமுற்ற நிலையில் இருந்த நபியவர்களின் வாயோரத்தில் வீட்டார் மருந்து ஊற்ற முனைந்தார்கள். வேண்டாம் என்று நபியவர்கள் சைகை செய்தார்கள். நோயாளி மருந்தை வெறுப்பது இயல்புதானே என்று எண்ணிக்கொண்டு வீட்டார் ஊற்றிவிட்டார்கள். தெளிந்ததும் நபியவர்கள் அதைக் கண்டித்தார்கள். அப்பாஸ் (ரலி) அந்த நேரத்தில் அங்கே இல்லாததால் அவரைத் தவிர, அறையில் இருந்த எல்லோருக்கும் அதே மருந்தைப் புகட்டச் செய்தார்கள்.

அந்த வீட்டாரைவிட நபியவர்களை நேசித்தவர்கள் உண்டா? அவர்கள் செய்தது பாசத்தால்தான். ஆனால் பாசம் நோயாளியின் சம்மதத்துக்கு ஈடாகாது. வழக்கத்தில் உள்ள ஒரு மருந்துக்கே இப்படியென்றால், பலனும் பக்கவிளைவும் இன்னும் முழுதாகத் தெரியாத மருந்துக்கு அத்தாவின் சம்மதம் எவ்வளவு அவசியம்! பெற்றோர் நம்மிடம் முதுமையை அடைந்தால் கடிந்து ஒரு சொல்லும் சொல்லக் கூடாது என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அவர்களுடைய உடலைப் பற்றி அவர்களுக்குத் தெரியாமல் முடிவெடுப்பது அந்த மரியாதையில் சேராது.

மறைப்பதில் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. தம் நிலை தெரிந்தவர்தான் கடனை அடைப்பார், வஸிய்யத் எழுதுவார், மனஸ்தாபம் உள்ளவரை அழைத்துப் பேசுவார், விடுபட்ட நோன்புக்கு ஏற்பாடு செய்வார். இந்த வாய்ப்பை அவரிடமிருந்து பறிக்க நமக்கு உரிமை கிடையாது. உண்மையை ஒரே மூச்சில் கொட்ட வேண்டியதில்லை. மருத்துவரை வைத்து, பக்குவமாக, அவர் கேட்கும் அளவுக்குச் சொல்லலாம்.

சட்டம் தரும் பாதுகாப்பு

நம் நாட்டில் மருந்து ஆய்வுகளில் நடந்த மரணங்கள் குறித்து உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போனது. அதன் பிறகு 2013-ல் விதிகள் இறுக்கப்பட்டன. இப்போது நடைமுறையில் இருப்பவை 2019 மார்ச்சில் வந்த புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வு விதிகள். குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை:

நோயாளிக்குப் புரியும் மொழியில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். நமக்கு அது தமிழில் வேண்டும். கையெழுத்திட்ட படிவத்தின் நகல் அவருக்குத் தரப்பட வேண்டும். படிக்கத் தெரியாதவர் என்றால் நடுநிலையான சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். சுயநினைவோடு இருப்பவருக்குப் பதிலாக மகன் சம்மதிக்க முடியாது. நோயாளியால் இயலாதபோது மட்டுமே அவருடைய சட்டப்படியான பிரதிநிதிக்கு அந்த இடம்.

எப்போது வேண்டுமானாலும் விலகலாம். விலகியதால் வழக்கமான சிகிச்சை மறுக்கப்படக் கூடாது. ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச மருத்துவமும், ஆய்வோடு தொடர்புடைய நிரந்தர ஊனம் அல்லது மரணத்துக்கு நஷ்டஈடும் உண்டு. மருத்துவம் தெரியாமல் வைத்தியம் செய்து கெடுத்தவர் பொறுப்பேற்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் வகுத்த நெறியை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

ஒவ்வோர் ஆய்வையும் நெறிமுறைக் குழு ஒன்று அனுமதிக்க வேண்டும். அதில் மருத்துவர்களோடு, சட்டம் தெரிந்தவரும் சாதாரணப் பொதுமகன் ஒருவரும் பெண் உறுப்பினரும் இருக்க வேண்டும். சமூக ஆர்வலர் அல்லது மார்க்க அறிஞர் போன்ற ஒருவருக்கும் அதில் இடம் உண்டு. நம் ஆலிம்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஆய்வு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் சி.டி.ஆர்.ஐ. பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் யாரும் சரிபார்க்கலாம்.

கேட்க வேண்டிய கேள்விகள்

1. இது எத்தனையாவது கட்ட ஆய்வு? இதுவரை எத்தனை பேருக்குக் கொடுத்திருக்கிறீர்கள்? அவர்களுக்கு என்ன ஆனது?
2. ஆய்வில் சேராவிட்டால் என்ன சிகிச்சை? அதில் என்ன எதிர்பார்க்கலாம்?
3. மாதத்தில் எத்தனை நாள் மருத்துவமனைக்கு வர வேண்டும்? அசாசிடிடின் ஊசி மட்டுமே 28 நாளுக்கு ஒருமுறை தொடர்ந்து ஏழு நாள் போட வேண்டியது. ஆய்வென்றால் கூடுதல் இரத்தப் பரிசோதனையும் மஜ்ஜைப் பரிசோதனையும் இருக்கும்.
4. எது இலவசம், எதற்கு நாங்கள் செலவழிக்க வேண்டும்? பயணச் செலவு உண்டா? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை எதற்குச் செல்லும்?
5. இரவில் காய்ச்சல் வந்தால் யாரை அழைப்பது? ஊரில் எந்த மருத்துவமனைக்குப் போவது?

கடைசிக் கேள்வியை அலட்சியம் செய்யாதீர்கள். வெள்ளையணு குறைந்தவருக்குக் காய்ச்சல் என்பது காலை வரை காத்திருக்கக் கூடிய விஷயம் அல்ல.

வீட்டிலும் பள்ளியிலும்

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்து. ஆனால் இந்நோயாளியின் அறையில் பத்துப் பேர் கூடி உட்காருவது அவருக்குத் தீங்கு. வாசலில் நின்று ஸலாம் சொல்லுங்கள், போனில் பேசுங்கள், துஆ செய்யுங்கள். மருத்துவர் கூட்டத்தைத் தவிர்க்கச் சொன்னால், அவர் ஜும்ஆவுக்கு வராமல் வீட்டில் ளுஹர் தொழுவது மார்க்கம் தந்த சலுகை. தண்ணீர் தீங்கு தரும் நிலையில் தயம்மும் உண்டு, நோன்புக்கு ஃபித்யா உண்டு. இரத்தமும் தட்டணுவும் அடிக்கடி தேவைப்படும். ஜமாஅத் இளைஞர்கள் இரத்த தானத்துக்குப் பெயர் கொடுத்து வைத்தால் அது பெரிய உதவி.

கருஞ்சீரகம், தேன், நாட்டு மருந்து எதைக் கொடுப்பதானாலும் மருத்துவரிடம் சொல்லிவிட்டே கொடுங்கள். வெனிடோக்லாக்ஸின் அளவு இரத்தத்தில் ஏறுவதும் இறங்குவதும் கூட உட்கொள்ளும் மற்ற மருந்துகளைப் பொறுத்தது. பூஞ்சைத் தொற்றுக்கான சில மாத்திரைகளைச் சேர்த்தாலே இதன் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டியிருக்கிறது. மறைத்துக் கொடுப்பது ஆபத்து.

அந்தச் சகோதரர் வீட்டில் பிறகு மருத்துவரை வைத்தே அத்தாவிடம் சொன்னார்கள். அழுவார், உடைந்துபோவார் என்று பயந்தார்கள். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் போர்மேனாப் பார்த்தவன்டா. புதுக் கலவைன்னா முதல்ல கொஞ்சமா எடுத்துத்தான் கொளுத்திப் பார்ப்போம். அதைத்தானே டாக்டரும் சொல்றாரு?" என்றாராம். தாள்களை மகனைப் படிக்கச் சொல்லி இரண்டு நாள் கேட்டார். அடிக்கடி வெளியூரில் தங்க முடியாது, மனைவியைத் தனியே விட முடியாது என்று சொல்லி, வழக்கமான சிகிச்சையே போதும் என்று முடிவெடுத்தார். ஆய்வில் சேருகிறேன் என்று அவர் சொல்லியிருந்தாலும் அதுவும் சரியான முடிவாகவே இருந்திருக்கும். ஏனென்றால் அது அவருடைய முடிவு.

நோயைத் தந்தவனே நிவாரணத்தையும் தருபவன். முயற்சி நம்மிடம், முடிவு அவனிடம். நோயுற்ற நம் பெற்றோர்கள் அனைவருக்கும் வல்ல ரஹ்மான் பூரண ஷிஃபாவைத் தருவானாக. அவர்களிடம் உண்மையாகவும் கனிவாகவும் நடந்துகொள்ள நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக. ஆமீன்.